ஸ்மார்ட் போர்டில் தெரிந்த மூன்று படங்கள்

என் போனில் இருந்த பூட்டை எடுத்தது நான்தான். வேறு யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

பள்ளியின் பழைய ஆய்வகத்தை ஒழித்து ஸ்மார்ட் கிளாஸ் ஆக்கிய வருஷம் அது. ஆமத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமத்தில் எங்கள் பள்ளி. நான் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். ஒன்பதுக்கும் பத்துக்கும் அறிவியல் எடுக்கிறேன். இரண்டு பீரோவைப் படுக்கவைத்த அகலத்துக்குச் சுவரில் ஒரு ஸ்மார்ட் போர்டை மாட்டிவிட்டுப் போனார்கள். வை-ஃபையில் என் போனை அதோடு இணைத்துவிட்டால், போனில் தெரிவது அப்படியே போர்டில் பெரிதாகத் தெரியும். இதயம் துடிப்பதை, வேர் தண்ணீர் உறிஞ்சுவதையெல்லாம் அசையும் படமாகக் காட்டலாம். பள்ளியில் அதற்கென்று தனியாக ஒரு கருவி கிடையாது. அவரவர் போன்தான்.

அதில் ஒரே ஒரு தொல்லை. நான் விளக்கிப் பேசிக்கொண்டிருக்கும்போது போன் தானாகப் பூட்டிக்கொள்ளும். போர்டு இருண்டுவிடும். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "ஓ..." என்பார்கள். மறுபடி நான் புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டுத் திறக்க வேண்டும். அந்தக் கோடும் போர்டில் தெரியும். ஒரு வாரத்துக்குள் வகுப்பு முழுவதற்கும் அது மனப்பாடம். நான் விரலை வைத்தவுடனேயே, "கீழ எறங்கி வலது பக்கம் போங்க டீச்சர்" என்று வழி சொல்வார்கள். இத்தனை பேருக்குத் தெரிந்த பூட்டு எதற்கு என்று ஒரு நாள் அதை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து போன் மேஜை மேல் கிடக்கும். முன் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து வந்து அடுத்த வீடியோவை ஓடவிடுவார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

இன்னொரு வசதியும் இருந்தது. போர்டில் நடக்கும் பாடம் முழுவதும், என் குரலோடு, தானாகப் பதிவாகும். பாடவேளை முடிந்த சில நிமிஷங்களில் அந்த வீடியோவின் இணைப்பு பெற்றோர் குரூப்புக்குப் போய்விடும். காய்ச்சலில் படுத்த பிள்ளையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் ஏற்பாடு செய்தவர் எங்கள் கணக்கு சார். எப்படிச் செய்தார், எந்தக் கணக்கில் அது சேர்கிறது, அதன் பாஸ்வேர்டு என்ன என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நடந்துகொண்டிருந்தது, அது போதும் என்று இருந்தோம்.

பத்தாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். சந்தேகம் வந்தால் வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவின் போனிலிருந்து எனக்குக் குரல் செய்தி அனுப்புவாள். அதில் மட்டும் நன்றாகப் பேசுவாள். அவளுடைய அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் கொண்டுவந்து இறக்கும்.

அந்த வாரம் வேதிவினைகள் நடத்தினேன். வெப்பத்தை வெளிவிடும் வினைகள் என்று தொடங்கினால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு ஒருவர் கம்பெனிக்குப் போகிறவர்கள். வெடிமருந்தை இங்கே யாரும் வெடிமருந்து என்று சொல்வதில்லை. மருந்து என்பார்கள், அவ்வளவுதான். கம்பெனியில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஏன் இடைவெளி விடுகிறார்கள், உராய்வு என்ன செய்யும், வெயில் என்ன செய்யும் என்றெல்லாம் பேசினோம். மருந்து இருக்கிற இடத்தில் ஆட்கள் குடியிருக்கவே கூடாது என்று நான் அழுத்திச் சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், நான் சமையலறையில் இருந்தபோது அவளிடமிருந்து மூன்று படங்களும் ஒரு குரல் செய்தியும் வந்தன. வழக்கமான சந்தேகம் என்று நினைத்து, தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே ஓடவிட்டேன்.

"டீச்சர், மருந்து இருக்குற எடத்துல ஆளுக குடியிருக்கக் கூடாதுன்னு சொன்னீகல்ல. எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு வீடு இருக்கு டீச்சர். ரெண்டு மாசமா அங்கன வச்சு வெடி செய்றாக. மூட்டை மூட்டையாக் கெடக்கு. அந்த வீட்டுச் சின்னப் புள்ளைக ரெண்டும் அதுக்குப் பக்கத்துலயேதான் வெளாடுதுக. அங்கனயே அடுப்பும் எரியுது. போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க. இது மருந்துதானே டீச்சர்? நான் சொன்னேன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லிறாதீக. அந்த வீட்டு அத்தையும் எங்கம்மாவும் முன்ன ஒண்ணாத்தான் வேலைக்குப் போனாக."

அடுப்பை அணைத்துவிட்டுப் படங்களைப் பார்த்தேன். மொட்டை மாடியிலிருந்து கீழே பார்த்து எடுத்தவை. ஒரு வீட்டின் பின்கட்டு. சுவர் ஓரம் சாக்கு மூட்டைகள். தட்டு தட்டாக எதையோ வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். நாலு தப்படி தள்ளி விறகடுப்பு. மூன்றாவது படத்தில் ஒரு குழந்தை தட்டுகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது.

அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்துச் செய்வது எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாத சங்கதி அல்ல. ஆனால் யார் சொன்னார் என்பது வெளியே தெரிந்தால், அந்தத் தெருவில் அவர்கள் எப்படிக் குடியிருப்பார்கள்? தண்ணீர்க் குழாயிலிருந்து வேன் வரைக்கும் அதே முகங்களைத்தான் அவள் அம்மா பார்த்தாக வேண்டும். காலையில் முதல் வேலையாகத் தலைமையாசிரியையிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். "சரிம்மா, நான் பாத்துக்கிறேன். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று அவளுக்குப் பதில் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால், தலைமையாசிரியை விருதுநகரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மதியம்தான் வருவார் என்றார்கள். எனக்கு முதல் பாடவேளையே பத்தாம் வகுப்பு.

சுடர் எப்போது நீலமாக இருக்கும், எப்போது மஞ்சளாக இருக்கும் என்று காட்டுவதற்காக முந்தின நாள் மாலை எங்கள் வீட்டு காஸ் அடுப்பைப் படம் எடுத்து வைத்திருந்தேன். போனைப் போர்டோடு இணைத்தேன். "நேத்து எங்க வீட்டு அடுப்பப் படம் புடிச்சேன், பாருங்க" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே, படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்து கடைசிப் படத்தைத் தொட்டேன். கடைசியாக எடுத்தது என் அடுப்புத்தான். ஆனால் அதற்குப் பிறகு போனுக்கு வந்து சேர்ந்தவை இருந்தன. அது என் புத்தியில் இல்லை.

"டீச்சர், இது எந்த ஊரு அடுப்பு?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு கிளம்பியது.

திரும்பினேன். சாக்கு மூட்டைகள் சுவர் அகலத்துக்கு நின்றன. அடுப்புப் படம் வரட்டும் என்று பதறிப்போய்த் தள்ளினேன். காயும் தட்டுகள் வந்தன. இன்னொரு தடவை தள்ளினேன். அந்தக் குழந்தை வந்தது. போனைக் கவிழ்த்துப் போட்டேன். கவிழ்த்துப் போட்டால் போர்டில் மறையுமா? போர்டின் சுவிட்சைத் தேடி அணைப்பதற்குள் ஐந்தாறு நொடி போயிருக்கும்.

மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், அந்தப் பச்சைத் தண்ணித் தொட்டி எங்க தெருத் தொட்டி மாதிரியே இருக்கு."

"ஊருக்கு ஊரு பச்சைத் தொட்டிதான் இருக்கு. இது பாடத்துக்காக எங்கயோ எடுத்த படம். நீ உக்காரு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பிள்ளைகளிடம் நான் அதுவரை அப்படி வாய் கூசாமல் பொய் சொன்னதில்லை.

இரண்டாவது பெஞ்சின் ஓரத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தபோது அவள் தலையைக் குனிந்து நோட்டில் எதையோ எழுதுவதுபோல இருந்தாள். பேனா நகரவே இல்லை.

இடைவேளையில் வராந்தாவில் என்னிடம் வந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. அதைவிட மோசமாக, மிகவும் நிதானமாக இருந்தாள்.

"டீச்சர், பாடம் ரெக்கார்டு ஆகும்ல?"

எனக்கு அந்த நிமிஷம்தான் அது உறைத்தது.

"குரூப்புக்குப் போயிருக்கும் டீச்சர். எங்க தெருவுல மட்டும் அஞ்சு வீட்டுல குரூப்பு இருக்கு."

போனை எடுத்துப் பார்த்தேன். பத்தேகாலுக்கே போயிருந்தது. "இன்றைய அறிவியல் பாடம்" என்று தலைப்புப் போட்டு, பூங்கொத்துப் படத்தோடு, தானாக. இணைப்பைத் திறந்து பார்த்துவிட்டு, குரூப்பிலிருந்து அந்தச் செய்தியை அழித்தேன். ஆனால் இணைப்பை ஏற்கெனவே தொட்டவர்களுக்கு வீடியோ திறக்கும். வீடியோவையே அழிக்க வேண்டும். அதற்குக் கணக்கு சாரின் பாஸ்வேர்டு வேண்டும். அவர் அன்று லீவு. மகளுக்கு முடியிறக்கிக் காது குத்த இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தார்.

"உங்கம்மா போன் இப்ப யார்ட்ட இருக்கு?" என்று கேட்டேன்.

"வீட்டுல பூட்டிக் கெடக்கும் டீச்சர். கம்பெனிக்குள்ள போன் கொண்டு போகக் கூடாதுல்ல. அம்மா கொண்டே போகாது. செலர் கொண்டு போயி வாசல்ல குடுத்துட்டுப் போவாக. சாயங்காலம்தான் கையில கெடைக்கும்."

அவள் சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் கம்பெனிக்குள் இருந்தார்கள். ஒரு பொறிக்குப் பயந்து கம்பெனிக்காரர்கள் வைத்திருந்த கட்டுப்பாடு, அந்தச் சில மணி நேரத்துக்கு எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அச்சகத்தில் வேலை பார்க்கிற அப்பாக்கள் சிலர் கையில் மட்டும் போன் இருக்கும். அவர்களும் காலண்டர் சீசனில் அறிவியல் பாடம் பார்க்க மாட்டார்கள் என்று நம்ப வேண்டியதுதான். சாயங்காலம் வேன்கள் திரும்புவதற்குள் அந்த வீடியோ இருக்கக் கூடாது.

கணக்கு சாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆறு தடவை போட்டேன். அலுவலகக் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஏழாவது தடவை போட்டபோது எடுத்தார். பின்னால் மேளச் சத்தமும் ஒலிபெருக்கியும் குழந்தையின் அழுகையும் ஒன்றாகக் கேட்டன.

"சார், ரெக்கார்டு ஆகுற கணக்கோட பாஸ்வேர்டு வேணும். அவசரம்."

"என்னது? கேக்கல டீச்சர்!"

"பாஸ்வேர்டு சார், பாஸ்வேர்டு!"

"ஓ, அதுவா!" என்றவர், இருக்கன்குடியில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அதைக் கத்திச் சொன்னார். தன் மகளின் பெயரும், அவள் பிறந்த வருஷமும். அப்போதுதான் மொட்டை போட்டுக்கொண்டிருந்த அதே மகள்.

அடித்தேன். அது திறப்பதற்கு முன்னால், அவர் போனுக்கு ஓர் எண் வந்திருக்கும், அதைச் சொல்லு என்று கேட்டது.

"நம்பர் வந்திருக்கா சார்?"

"இருங்க டீச்சர், புள்ளையத் தலைய ஆட்டாமப் புடிச்சிருக்கேன். கத்தி பட்டுறப் போகுது. ஏ, நீ வந்து புடி... ஆங், வந்திருக்கு. சொல்றேன், எளுதிக்கோங்க." சொன்னார். "என்ன டீச்சர் பிரச்சினை?"

"ஒரு தப்பான படம் பதிவாயிருச்சு சார். திங்கக்கெழமை சொல்றேன்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "அளிச்சதும் விட்றாதீக. குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருக்கும். அங்கன ஒரு மாசம் கெடக்கும். அதுலயும் போயி அளிங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டவள்.

வீடியோவைக் கண்டுபிடித்தேன். அழிக்கும் முன் அதன் கீழே இருந்த வரி கண்ணில் பட்டது. மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். யார் என்று காட்டவில்லை. எண் மட்டும்தான். குரூப்பிலிருந்து எடுப்பதற்கு முன்னால் பதறிப்போய் அதைத் திறந்து பார்த்ததில் ஒன்று நான். மற்ற இரண்டு?

அழித்தேன். குப்பைத் தொட்டிக்கும் போய் அழித்தேன். அந்த இரண்டு மட்டும் நெஞ்சில் நின்றுவிட்டது.

பன்னிரண்டரை மணிக்குத் தலைமையாசிரியை வந்தார். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"அங்கன மருந்து இப்பவும் இருக்குதா?"

"இருக்குங்க டீச்சர்."

"அப்ப மொதல்ல அதைப் பாப்போம். மத்ததெல்லாம் பொறகு."

வருவாய்த் துறையில் அவருக்குப் பழக்கமான ஓர் அதிகாரி அம்மா இருந்தார். அவரிடம் பேசுவதற்கு முன்னால் படங்களைக் காட்டச் சொன்னார். மூன்றையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர், இரண்டாவது படத்தின் மூலையில் நின்றார். நான் எத்தனையோ தடவை பார்த்தும் என் கண்ணில் படாதது அது. படம் எடுத்த மாடியின் கொடியில் எங்கள் பள்ளிச் சீருடையின் துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது.

"இந்தப் படத்தை அனுப்புனா, எந்த மாடில இருந்து எடுத்ததுன்னு கேணையனுக்கும் தெரியும்" என்றார். "படம் யாருக்கும் வேண்டாம். தெருவை மட்டும் சொல்லுவோம்."

அப்படியே செய்தார். பெயர் சொல்லவில்லை, வீட்டைக்கூடச் சொல்லவில்லை. தெருப் பெயரைச் சொல்லி, "வீட்டுக்கு வீடு பாருங்கம்மா, தீபாவளிக்கு முன்ன வழக்கமாப் பாக்குற மாதிரி. ஒரு வீட்டுக்கு மட்டும் நேராப் போகாதீக. புள்ளைக குடியிருக்குற தெரு" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மா புரிந்துகொண்டார் என்பது தலைமையாசிரியையின் முகத்தில் தெரிந்தது.

மதியம் நான் நடத்திய பாடம் என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்று மணிக்கு மேல் தீயணைப்பு வண்டி ஒன்று சைரன் போடாமல் பள்ளியைத் தாண்டிப் போனது. பின்னாலேயே இரண்டு ஜீப். வகுப்பில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வண்டியைப் பார்ப்பது அப்படியொன்றும் அதிசயமில்லை. இரண்டாவது பெஞ்சில் இருந்தவள் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மெதுவாகத் தலையசைத்தேன்.

நாலரை மணிக்குத் தலைமையாசிரியையின் போன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தவர், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"எடுத்துட்டாக. எல்லாத்தையும் நனைச்சு எடுத்துட்டாக. நாலு வீட்டுல பாத்துட்டு அஞ்சாவதா அங்கன போயிருக்காக. யாருக்கும் ஒண்ணும் இல்ல. அந்தப் புருஷன் பொஞ்சாதிகிட்ட எழுதி வாங்கியிருக்காக. அவங்களும் யாருக்கோ கூலிக்குத்தான் செஞ்சிருக்காக போல."

யாருக்கும் ஒன்றுமில்லை என்ற அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆசிரியர் அறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர்கள் வீட்டுக்கு நான் போனால் தெருவே பார்க்கும். அதனால் மெயின் ரோட்டில், கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிடும் இடத்தில், பஸ்ஸுக்கு நிற்பவள்போல நின்றேன். மகளும் என்னோடு நின்றாள். ஆறு மணிக்கு முன்னால் வேன் வந்தது. தூக்குச்சட்டியும் கையுமாக அவள் அம்மா இறங்கினார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன டீச்சர்? எம் மக என்னமும் தப்புப் பண்ணிட்டாளா?"

"அவ ஒரு தப்பும் பண்ணல. பண்ணது நாந்தான். வாங்க, கொஞ்சம் தள்ளி நிப்போம்."

பாலத்துக்குப் பக்கம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் அனுப்பிய படம், போர்டில் தெரிந்தது, பதிவானது, அழித்தது. குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அங்கன இருந்ததெல்லாம் எடுத்துட்டாகளா?"

"எடுத்துட்டாக. சாயங்காலமே எடுத்துட்டாக."

அப்படியே பாலத்தின் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். தூக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் தெரியும் டீச்சர். நானுந்தான் சொல்லணும் சொல்லணும்னு நெனச்சேன். அவளும் நானும் ஒரு வேன்ல போனவுக. அவ புருஷனுக்கு ஒடம்பு முடியாமப் போயித்தான் இதுல எறங்குனாக. எப்படிப் போயி சொல்ல? ரெண்டு மாசமா வீட்டுல அடுப்பப் பத்தவைக்கவே கை நடுங்கும். பகலெல்லாம் கம்பெனில இருப்பேன். என்னமும் சத்தம் கேட்டா, நாம மருந்துக்குள்ள இருக்கோம்ங்குறத மறந்துட்டு, வீட்டத்தான் நெனப்பேன்."

மகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ வேண்டாம்னு சொல்லிருவேம்மா" என்றாள் அவள்.

அம்மா அதை மறுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. ஆனால் விடவும் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லுதேன், கோவிச்சுக்கிறாதீக டீச்சர். எங்க கம்பெனி வாசல்ல போன வாங்கி வச்சிட்டுத்தான் உள்ள விடுவாக. தலையில குத்துற ஊக்குகூடப் பாப்பாக. எங்களுக்கு எளுதப் படிக்கத் தெரியாது, ஆனா என்னத்த உள்ள கொண்டு போகக் கூடாதுன்னு தெரியும். நீங்க எங்க புள்ளைக ரகசியம் அம்புட்டையும் போன்ல வச்சுக்கிட்டு, அதையே கொண்டுபோயி எல்லாப் புள்ளைகளுக்கும் முன்னால தொறந்து வைக்கீக. அது சரியா?"

"சரியில்லம்மா" என்றேன்.

அவர்கள் கண் முன்னாலேயே மூன்று படங்களையும் குரல் செய்தியையும் அழித்தேன். குப்பைத் தொட்டி எங்கே இருக்கிறது என்று மகளே காட்டிக்கொடுத்தாள். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்ட அம்மா, "பஸ்ஸு வருது பாருங்க, போயிட்டு வாங்க. சாப்பிட்டீகளோ என்னமோ, மொகமே சரியில்ல" என்றார். பாதி வழியில்தான், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

சனியும் ஞாயிறும் அந்த இரண்டு பேர் என்னை விடவில்லை. தெருவில் ஏதாவது பேச்சு கிளம்பினால் எனக்குச் சொல்லும்படி அந்தப் பெண்ணின் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். கடையில் சேல்ஸ்மேன் என்னைக் கூர்ந்து பார்த்தால்கூட, இவரும் பார்த்திருப்பாரோ என்று தோன்றும். அந்த இரண்டு நாளில் செய்ய வேண்டியதைச் செய்தேன். போனுக்குப் பூட்டுப் போட்டேன். மேலே வரும் செய்திகளின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைத்தேன். பழைய மாணவர்களின் ஆதார் நகல், மருத்துவச் சான்று, அழுதுகொண்டே அனுப்பிய குரல் செய்திகள் என்று எனக்கே தெரியாமல் எவ்வளவோ அதில் கிடந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

திங்கட்கிழமை காலையில் மூன்றாவது பெஞ்சுக்காரி, பச்சைத் தொட்டியைப் பற்றிக் கேட்டவள், எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், வெள்ளிக்கெழமை எங்க தெருவுல வீடு வீடாச் சோதனை போட்டாக! எங்க வீட்டு அரிசி மூட்டையக்கூட அவுத்துப் பாத்தாக. ஒரு வீட்டுல மருந்து இருந்துச்சாம் டீச்சர். வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்ன இப்படித்தான் வருவாகன்னு எங்கப்பா சொன்னாரு."

படத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறந்துவிட்டாளா, நினைவிருந்தும் சொல்லவில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

கணக்கு சார் கோவில் பிரசாதமாகப் பொரிகடலையோடு வந்தார். ஆசிரியர் அறையில் தனியாக உட்காரவைத்து, யார், எந்தத் தெரு என்பதை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னேன். மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள் என்றதும் அவர் தலையைச் சொறிந்தார்.

"அதுல ஒண்ணு நாந்தான் டீச்சர். பஸ்ல போகும்போது, ரெக்கார்டு ஒளுங்கா வருதான்னு தொறந்து பாத்தேன். வணக்கம்னு நீங்க சொன்னது கேட்டுச்சு, மூடிட்டேன். சிக்னல் சரியில்ல."

இன்னும் ஒன்று. வெள்ளிக்கிழமை வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் ஒரே ஒருத்திதான் வரவில்லை. அன்று வந்திருந்தாள். கூப்பிட்டு, காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "வெள்ளிக்கெழமை பாடத்தப் போன்ல பாத்தியா?"

அவள் நெளிந்தாள். "பாத்தேன் டீச்சர்."

"எதுவரைக்கும் பாத்த?"

"கோவிச்சுக்குவீக."

"கோவிக்கல, சொல்லு."

"ஆரம்பத்துல நீங்க முந்தின பாடத்துல கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தீகல்ல... அப்பவே தூங்கிட்டேன் டீச்சர். மாத்திரை போட்டிருந்தேன். முளிச்சுப் பாத்தா, வீடியோ நின்னுபோயிக் கெடந்துச்சு. மறுபடி தொறந்தா வரவே இல்ல."

கணக்கு சாரும் தலைமையாசிரியையும் அங்கேதான் இருந்தார்கள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது தலைமையாசிரியை. கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். என் பாடத்தில் ஒரு பிள்ளை தூங்கிப்போனதற்காக நான் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அந்தப் பெண் முழித்துக்கொண்டு நின்றாள். அவள் உள்ளங்கையில் கணக்கு சார் கொஞ்சம் பொரிகடலையை வைத்து அனுப்பினார்.

அந்த வாரமே ஸ்மார்ட் போர்டுக்கென்று ஒரு டேப்லெட் ஏற்பாடு செய்தோம். அதில் பாடம் தவிர ஒன்றுமில்லை. யாருடைய எண்ணும் இல்லை. பதிவு தானாகப் போவதை நிறுத்தி, பார்த்தபிறகு அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம். பாஸ்வேர்டில் குழந்தைகள் பெயர் கிடையாது. கணக்கு சாருக்கு மட்டும் அதில் கொஞ்சம் வருத்தம்.

இரண்டாவது பெஞ்சுக்காரி அதற்குப் பிறகும் சந்தேகம் வந்தால் குரல் செய்திதான் அனுப்புகிறாள். எனக்குப் பயம் இருந்தது, இனி அனுப்பவே மாட்டாளோ என்று. பத்து நாள் கழித்து ஒன்று வந்தது. சமையலறையிலிருந்து வெளியே வந்து, மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து, காதில் வைத்துக் கேட்டேன். தாவரங்களில் நீர் எப்படி மேலே ஏறுகிறது என்று கேட்டிருந்தாள். பின்னணியில் அவள் அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிடுவதும், தாளிக்கிற சத்தமும் கேட்டன. பதிலைச் சொல்லிவிட்டு, அவள் குரலை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டேன்.